டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்: கொடுக்கும் காசுக்குத் தகுந்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டு ஹை-ஃபை அமைப்பில் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரே வேலைதான். சிடி பிளேயர், கைபேசி, ரெக்கார்டு பிளேயர் போன்றவை தரும் மெல்லிய சிக்னலை, ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு அது பெருக்கித் தருகிறது. வால்வுக்குப் பதிலாக டிரான்சிஸ்டரையோ ஐசியையோ கொண்டு இதைச் செய்பவை சாலிட் ஸ்டேட் ஆம்ப்ளிஃபையர்கள். இந்தத் தொழில்நுட்பம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முதிர்ந்துவிட்டது. ஒழுங்காக வடிவமைத்த இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒரே ஒலி அளவில் வைத்து, அவற்றின் திறனை மீறாமல் ஓட்டினால், வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். ஆகவே காசுக்கான மதிப்பைத் தேட வேண்டிய இடங்கள் மூன்று: உண்மையான வாட், பழுதில்லாத நிலை, எளிதில் கிடைக்கும் உதிரிபாகம். இம்மூன்றையும் வாங்குவதற்கு முன் சரிபார்க்கும் வழி இங்கே வரிசையாகத் தரப்படுகிறது.

தேவையான வாட்டைக் கணக்கிடுதல்

ஸ்பீக்கர் முடிவான பிறகே ஆம்ப்ளிஃபையரைத் தேட வேண்டும். ஒலியின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும் அறையும்தான் என்பதால், கையில் உள்ள தொகையில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குவது நல்லது. அதன் பிறகு கணக்கு எளிது.

1. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண்ணைப் பார்க்க வேண்டும். 86 டெசிபல் என்றிருந்தால், 1 வாட் கொடுக்கும்போது 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் ஒலி கேட்கும் என்று பொருள்.
2. உட்காரும் இடத்துக்கான இழப்பைக் கழிக்க வேண்டும். சுவர்களுள்ள சாதாரணக் கூடத்தில், இரண்டு ஸ்பீக்கர்களும் ஒலிக்க, 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால் ஏறக்குறைய 4 டெசிபல் குறையும். ஆக, 82 டெசிபல்.
3. வாட்டைக் கூட்ட வேண்டும். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல், பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். மேற்கண்ட ஸ்பீக்கருக்கு 10 வாட் கொடுத்தால் 92. 40 வாட் கொடுத்தால் 98.
4. இசையின் உச்சங்களுக்கு இடம் விட வேண்டும். சற்று உரக்கக் கேட்கும்போது சராசரி 75 டெசிபல் அளவில் இருக்கும். தவிலின் ஓர் அடி அதைவிட 15 முதல் 20 டெசிபல் எழும்பலாம். அப்போதும் தேவை 95 டெசிபல்தான். 20 வாட்டில் அது கிடைத்துவிடும்.

12 அடிக்கு 14 அடி அறைக்குச் சேனலுக்கு 30 முதல் 50 வாட் போதும் என்பது இதிலிருந்து தெளிவாகும். சென்சிட்டிவிட்டி 84-க்குக் கீழே உள்ள ஸ்பீக்கருக்கும் பெரிய கூடத்துக்கும் 80 முதல் 100 வாட் வரை தேடலாம்.

குறிப்பு: 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. ஒலி இரு மடங்கு உரத்ததாகத் தோன்றுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும்.

வாட் எண்ணைப் படிக்கும் முறை

பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எல்லாம் ஒரே வகை அல்ல. பிஎம்பிஓ (உச்ச இசைத் திறன்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டும். அதற்குப் பொதுவான அளவீட்டு முறையே கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய மிகை எண்களைக் கட்டுப்படுத்தவே 1974இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தனி விதி கொண்டுவந்தது. நம்பத்தக்க வாட் எண்ணுடன் நான்கு விவரங்கள் சேர்ந்து வரும்:

- இரண்டு சேனல்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது அளந்ததா
- எத்தனை ஓம் சுமையில் அளந்தது
- எந்த அலைவரிசையில் அளந்தது (20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை இருப்பது நல்லது)
- எத்தனை சதவீத ஒலிச்சிதைவில் அளந்தது (0.1% நல்லது, 10% என்றால் ஒலி ஏற்கெனவே கிழிந்துவிட்டது)

யமஹா ஏ-எஸ்301 மாடலுக்கு 8 ஓமில் 60 வாட் என்றும், மராண்ட்ஸ் பிஎம்6007 மாடலுக்கு 8 ஓமில் 45 வாட் என்றும் அவற்றின் நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. எண் சிறியது, ஆனால் நேர்மையானது. என்ஏடி நிறுவனம் 1978இல் வெளியிட்ட 3020 மாடலின் அறிவிக்கப்பட்ட திறன் வெறும் 20 வாட். உலகில் மிக அதிகமாக விற்ற ஹை-ஃபை ஆம்ப்ளிஃபையர்களில் அதுவும் ஒன்று.

அடாப்டரில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபையர்களின் எண்ணை இரண்டு சிறு கணக்குகளால் சோதிக்கலாம்.

1. அடாப்டரின் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்க வேண்டும். 24 வோல்ட், 4.5 ஆம்பியர் என்றால் 108 வாட். இரண்டு சேனல்களுக்கும் சேர்த்துத் தொடர்ந்து இதற்கு மேல் கிடைக்க வழியில்லை.
2. வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 24 × 24 ÷ 16 = 36. ஆக, 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 36 வாட்டுக்கு மேல் சுத்தமாகக் கிடைக்காது. அட்டையில் 100 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

வாங்குவதற்கான நான்கு வழிகள்

1. புதிய பிராண்டு ஆம்ப்ளிஃபையர். வாரண்டி, 230 வோல்ட் அமைப்பு, ரிமோட் ஆகியவை இதன் பலம். மின்னணுவியலில் கை வைக்க விரும்பாதவருக்கு இதுவே சரி. வரிசையின் கடைசிப் படியில் உள்ள மாடலே பெரும்பாலும் அதிக மதிப்புள்ளது. மேல்படிக்குப் போகும்போது கூடுதல் விலையில் ஒரு பகுதி முகப்புத் தகட்டுக்கும் கூடுதல் இணைப்புகளுக்கும் போகிறது. ரெக்கார்டு பிளேயர் இருந்தால் ஃபோனோ இன்புட் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

2. சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர். டிபிஏ3116, டிபிஏ3255 போன்ற ஐசிகளைக் கொண்டு கையடக்கமாக வருபவை இவை. சூடு குறைவு, மின்செலவு குறைவு, விலையும் குறைவு. முதல்முறை வாங்குபவருக்கு இன்று மிக மலிவான நல்ல தொடக்கம் இதுதான். பலவீனம் அடாப்டரில் இருக்கும். வோல்ட்டும் ஆம்பியரும் தெளிவாக அச்சிட்ட, தரச்சான்று முத்திரை உள்ள அடாப்டரே வேண்டும்.

3. அசெம்பிள் செட். ஊர்தோறும் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குகள் கட்டித் தருபவை. சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு போன்ற சந்தைகளில் கிடைக்கும் போர்டுகளே இவற்றின் மூலப்பொருள். கட்டுபவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: டிரான்ஸ்ஃபார்மரின் வைண்டிங் செம்பா, அலுமினியமா? எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்? ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு ரிலே போர்டு உண்டா? 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் டிசியாக மாறிய பின் இருபுறமும் சுமார் 33 வோல்ட் வரும். 8 ஓமில் சேனலுக்கு 50 வாட் அளவே எதிர்பார்க்கலாம். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி டிரான்சிஸ்டர்களிலும், எஸ்டிகே வகை ஐசிகளிலும் போலிகள் ஏராளம் என்பதால், உதிரிபாகத்தை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கித் தருவது பாதுகாப்பு.

4. செகண்ட் ஹேண்ட். கனமான டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய ஹீட் சிங்க்கும் குறைந்த விலையில் கிடைப்பது இங்கேதான். ஏமாறும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம். தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆன மாடலைத் தேட வேண்டும். மாற்று டிரான்சிஸ்டர் இன்றும் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன பழைய எஸ்டிகே ஐசியை நம்பியிருக்கும் மாடல்களும், 1970களில் வந்த விஃபெட் வகை மாடல்களும் (சோனி டிஏ-5650 போன்றவை) ஒருமுறை எரிந்தால் உதிரிபாகத்துக்கே அலைய வைக்கும்.

100 வோல்ட் பொறி

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ட்டிலும், அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ட்டிலும் ஓடும். இந்தியாவின் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அந்த நொடியே பழுதாகும். விலை வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பின்புறத் தகட்டை.

- பின்புறம் வோல்டேஜ் செலக்டர் இருந்தால், அது 220 அல்லது 240-இல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே செருக வேண்டும்.
- செலக்டர் இல்லாத 100 வோல்ட் மாடலுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. சந்தையில் எளிதில் கிடைப்பது 110 வோல்ட் தருவது. வீட்டு மின்சாரம் 245-ஐத் தொடும் நேரத்தில் அது 117 வோல்ட் தரும். 100 வோல்ட் மாடல் அதில் தேவையின்றிச் சூடாகும். 100 வோல்ட் முனை உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.
- தகட்டில் எழுதிய மின்நுகர்வைப் போல் ஒன்றரை மடங்காவது டிரான்ஸ்ஃபார்மரின் திறன் இருக்க வேண்டும். 200 வாட் என்றிருந்தால் 300 விஏ.
- 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று எழுதிய அமெரிக்க மாடல், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கூடுதலாகச் சூடேறக்கூடும். 50/60 என்று எழுதியது பாதுகாப்பு.

விற்பவர் வீட்டில் செய்யும் சோதனை

எடுத்துச் செல்ல வேண்டியவை: மல்டிமீட்டர், டார்ச், கைபேசியிலிருந்து ஆர்சிஏ பின்னுக்குப் போகும் கேபிள், போனாலும் கவலையில்லாத ஒரு பழைய ஸ்பீக்கர் ஜோடி, ஹெட்ஃபோன். மொத்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

1. போகும் முன்பே, ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த நிலையில்தான் பல குறைகள் வெளிப்படும்.
2. மேல்மூடியின் காற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தலை உப்பிய கெப்பாசிட்டர், கருகிய போர்டு, உதிரிபாகங்களின் அடியில் பழுப்பேறிய பழைய பசை ஆகியவை எச்சரிக்கைகள். அந்தப் பசை ஆண்டுகள் கழிந்ததும் உலோகக் கால்களை அரிக்கும்.
3. மூடியின் திருகுகளைப் பார்க்க வேண்டும். தலை தேய்ந்திருந்தால் பலமுறை திறக்கப்பட்டது என்று அர்த்தம்; என்ன வேலை நடந்தது என்று கேட்க வேண்டும்.
4. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்ய வேண்டும். பாதுகாப்பு ரிலே உள்ள மாடலில் சில நொடிகளில் 'டிக்' என்ற ஓசை கேட்கும். கேட்காவிட்டால் உள்ளே பழுது இருக்கிறது.
5. பத்து நிமிடம் கழித்து, வால்யூமை முழுவதும் குறைத்து, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சேனலின் ஸ்பீக்கர் முனைகளுக்கும் இடையே அளக்க வேண்டும். 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே சிறப்பு. 50 வரை ஏற்கலாம். 100-ஐத் தாண்டினால் பழுது பார்க்காமல் ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது.
6. பழைய ஸ்பீக்கரை இணைத்து, பாட்டு இல்லாமல் காதை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். ஓரடி தள்ளி நின்றும் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால், ஃபில்டர் கெப்பாசிட்டர் களைத்திருக்கலாம்.
7. நன்கு பழகிய ஒரு பாட்டை மிகக் குறைந்த ஒலியில் ஓட விட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கி, வால்யூமைக் கூட்டியதும் உயிர் பெற்றால், ரிலேயின் முனைகள் கறுத்திருக்கின்றன.
8. ஒவ்வொரு குமிழையும் திருகி, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, ஒவ்வொரு இன்புட்டிலும் கேட்க வேண்டும்.
9. அரை மணி நேரம் நடுத்தர ஒலியில் ஓட்டிய பின், மேல்மூடியை இருபுறமும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சேனலின் பக்கம் மட்டும் கொதித்தால் அந்தச் சேனலில் கோளாறு.

குறிப்பு: சத்தமே வரவில்லை என்பதற்காக உடனே கைவிட வேண்டியதில்லை. டேப் மானிட்டர் பொத்தான் அழுந்தியிருக்கலாம். ஸ்பீக்கர் செலக்டர் ஆஃபில் இருக்கலாம். பின்புறம் ப்ரீ-அவுட்டையும் மெயின்-இன்னையும் இணைக்கும் சிறு உலோக வளைவுகள் தொலைந்திருக்கலாம். பழைய என்ஏடி போன்றவற்றில் இது வழக்கம். 'ஓடவில்லை' என்று மலிவாக விற்கப்படுபவற்றில் சில, இந்தப் பொத்தானோ வளைவோ சரியானதும் ஓடிவிடும்.

விலையைக் குறைக்கும் குறை, திரும்பி வரச் செய்யும் குறை

பேரம் பேசி வாங்கலாம்: வால்யூம் குமிழின் கரகரப்பு (கான்டாக்ட் கிளீனரால் தீரும்), கறுத்த ரிலே, அணைந்த முகப்பு விளக்கு, ஆடும் ஸ்பீக்கர் முனை, மூடியின் கீறல்.

வாங்கக் கூடாது: ஒரு சேனல் முற்றிலும் செத்தது, ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போவது, உரத்து உறுமும் டிரான்ஸ்ஃபார்மர், எரிந்த வாடை, ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பி. கடைசிக் குறை இருந்தால், உள்ளே இன்னும் என்னென்ன கைவேலை நடந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் முதல்முறை ஆன் செய்தல்

பல ஆண்டுகள் பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபையரை நேரே பிளக்கில் செருகக் கூடாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும், ஒரு பல்பு வழியே மின்சாரத்தை அனுப்பும் சீரிஸ் பல்பு போர்டு இதற்கு ஏற்றது. இது 230 வோல்ட்டுடன் செய்யும் வேலை. பழக்கமில்லாதவர் எலக்ட்ரீஷியனின் உதவியுடன்தான் செய்ய வேண்டும்.

1. போர்டில் 60 அல்லது 100 வாட் இழை பல்பைப் பொருத்த வேண்டும். எல்இடி பல்பு பயன்படாது.
2. ஸ்பீக்கர் இணைக்காமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆம்ப்ளிஃபையரை அந்தப் போர்டு வழியே ஆன் செய்ய வேண்டும்.
3. பல்பு ஒரு நொடி பிரகாசித்துப் பின் மங்கினால் நல்ல அறிகுறி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.
4. மங்கிய நிலையில் பத்து நிமிடம் விட்டு, பின்பு நேரடி மின்சாரத்தில் ஓட்டி, ஸ்பீக்கர் முனையின் டிசி அளவை மீண்டும் பார்க்க வேண்டும்.

அடாப்டரில் ஓடும் கிளாஸ் டி வகைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

அடிக்கடி நேரும் தவறுகள்

- ஏ, பி என இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களைச் சேர்த்து ஓட்டுவது. பெரும்பாலான மாடல்களில் இரண்டு 8 ஓம் ஜோடிகள் சேர்ந்தால் சுமை 4 ஓம் ஆகும். பின்புறத் தகட்டில் அனுமதித்த ஓமைப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.
- கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரின் இரு சேனல் மைனஸ் முனைகளை ஒன்றாகக் கட்டுவது. இவற்றில் பெரும்பாலானவற்றின் மைனஸ் முனையிலும் மின்னழுத்தம் உண்டு; பொதுவாக்கினால் ஐசி போய்விடும்.
- ஸ்பீக்கர் வயரின் ஒரு பிரி நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடுவது. முனையை முறுக்கிய பிறகே செருக வேண்டும்.
- இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒலி அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது. சற்று உரத்து ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாறும்.
- மூடிய அலமாரிக்குள் வைப்பது. மேலே 10 செ.மீ. இடைவெளியாவது வேண்டும், மேல்மூடியில் துணி, பூச்சாடி, சிடி பிளேயர் எதுவும் வைக்கக் கூடாது.

பாதுகாப்பு

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறப்பவர், 5 வாட் தாங்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரால் அதை மெல்ல வடித்து, மல்டிமீட்டரில் பூஜ்யத்தை உறுதிசெய்த பின்பே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பொறி பறக்க விடுவது கெப்பாசிட்டருக்கும் கண்ணுக்கும் ஆபத்து. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸே போட வேண்டும். மூன்று முனை பிளக்கின் எர்த்தை, இரைச்சலைக் குறைப்பதற்காக ஒருபோதும் வெட்டக் கூடாது. மின்கசிவு நேர்ந்தால் உயிரைக் காப்பது அந்த ஒரு கம்பிதான்.

இறுதி விலைக் கணக்கு

கேட்ட விலையுடன், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர் மாற்றும் கூலி, ரிலே, போக்குவரத்து ஆகியவற்றைக் கூட்டினால்தான் உண்மையான விலை வரும். மாதிரிக் கணக்கு: கேட்பது 12,000 ரூபாய், டிரான்ஸ்ஃபார்மர் 3,000, பழுது வேலை 3,500, போக்குவரத்து 1,000, மொத்தம் 19,500. இந்தத் தொகை, அதே நேர்மையான வாட் தரும் புதிய ஆம்ப்ளிஃபையரின் விலையில் பாதிக்குள் இருந்தால் பழையதை வாங்கலாம். முக்கால் பங்கைத் தொட்டால், வாரண்டியுடன் வரும் புதியதே மலிவு.